வாயைத் திறக்காத பெரியவர்

எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். அந்தப் பெரியவரை மதுரையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த வாடகைக் கார் முதலில் எங்கள் வாசலில்தான் நின்றது. வாழ்நாளெல்லாம் மலை மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக ஆள்களை வேலை வாங்கியவர். மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. இருதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மூத்திரத்துக்கு ஒரு டியூபைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். முதுகில் படுக்கைப்புண் வேறு. பின் சீட்டில் மகனின் மடியில் தலைவைத்துக் கிடந்தார். உடம்பு அசையவில்லை, கண் மட்டும் எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

டாக்டரிடம் பேசியது மகன் அல்ல, பெரியவரின் தம்பி. அவர்கள் ஊரான சிலமலையில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். "வீட்டுக்கு வந்து பாக்க ஒரு நர்ச அனுப்புங்க டாக்டர். எங்க வீட்டுல யாருக்கும் இந்தச் சோலி தெரியாது" என்றார். டாக்டர் என்னைக் காட்டினார். டியூபையும் புண்ணையும் கவனிக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

முதல் நாள் சிலமலையில் பஸ்சை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். பெரியவர் கிடந்த அறைக்கு வெளியே பூட்டு தொங்கியது. மருமகள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் உள்ளே போனதும் அவளும் வந்து கதவை ஒட்டி நின்றுகொண்டாள்.

"நடக்க முடியாத மனுசனுக்கு எதுக்குக்கா பூட்டு?" என்றேன்.

"நாய் வரும்" என்றாள். அந்தத் தெருவில் நான் ஒரு நாயையும் பார்க்கவில்லை.

பெரியவரின் நாக்கு வறண்டு வெடித்திருந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி உதட்டருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நான் ஊசி மருந்தை ஏற்றியபோது மருமகள் கிட்டே வந்து குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது என்னா மருந்து?"

"புண்ணுல சீழ் புடிக்காம இருக்க."

"போட்டா தூக்கம் வருமா?"

"வராது."

"அப்பறம் எந்திரிப்பாருல்ல?"

அந்தக் கேள்வியை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்திருக்க மாட்டாரா என்ற ஆசையா, எழுந்துவிடுவாரோ என்ற பயமா? திரும்பி வரும்போது பஸ்சில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் இல்லாமல் ஒரு மனிதரைப் பூட்டி வைத்து வற்ற விடுகிறார்கள் என்றுதான் என் மனசு சொன்னது.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நான் பிறந்தது ராசிங்காபுரம். சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் வெகுகாலம் படுக்கையில் கிடந்த ஒருவருக்குத் திடீரென்று ஒரு நாள் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். பிறகு இளநீரை ஊற்றிக் கொடுத்தார்கள். காய்ச்சல் கண்டு சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அம்மா மட்டும் அந்த வீட்டுப் பக்கம் விளையாடப் போகாதே என்றாள். பிறகு வளர வளர, இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களை இப்படி அனுப்பிவைப்பது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உண்டென்று புரிந்துகொண்டேன். அதற்குப் பேரும் உண்டு. அந்தப் பேரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஒரு நாள் வேலையை முடித்துக் கிளம்பும்போது தம்பிக்காரர் தெருமுனை வரை கூடவே வந்தார்.

"இன்னும் எம்புட்டு நாள் தாங்கும் நர்சம்மா?"

"நல்லாப் பாத்துக்கிட்டா கொஞ்ச நாள் இருப்பாரு."

"அதுக்கில்ல. ஒடம்பெல்லாம் சூடா கெடக்கு. தலைக்கு ஊத்திவிட்டா கொஞ்சம் லேசாகும்ல?"

என் கால் நின்றுவிட்டது. "ஊத்தக் கூடாது. ஈரத்துணியில தொடச்சாப் போதும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க படிச்ச புள்ள. நாங்க செய்யிறதச் செய்யணும்ல" என்று அமைதியாகச் சொன்னார். நல்ல காரியம் ஒன்றைப் பற்றிப் பேசுகிற முகமாகத்தான் இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

டாக்டரிடம் சொன்னேன். "நீ கண்ணால பாத்தியாம்மா? பாக்காததப் பேசினா ஊரே திரண்டு வந்து நிக்கும். ஒன் வேலையப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போக ஆரம்பித்தேன். போனதும் கட்டுப் பிரிக்கிற சாக்கில் குனிந்து பெரியவரின் தலையை முகர்ந்து பார்ப்பேன். எண்ணெய் வாசனை இருக்காது. மருமகள் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகன் வெளியே வேப்பமரத்தடியில் பீடி குடித்தபடி இருப்பான். கேட்டால், "சித்தப்பாகிட்டக் கேளுங்க" என்பான். அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். தெருவில் நுழையும்போதே நல்லெண்ணெய் காய்கிற வாசனை. ஆம்பிளைகள் எண்ணெய் தேய்த்துக்கொள்வது சனிக்கிழமை, இல்லாவிட்டால் புதன்கிழமை. முற்றத்தில் இளநீர்க் குலை கிடந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். தம்பிக்காரரும் உறவுக்காரர்கள் சிலரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அவர்களைத் தாண்டி உள்ளே ஓடினேன். பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து மருமகள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கதவத் தொற! அவர என்ன பண்ணீங்க?" என்று கத்தினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "நீயும் அதுக்குத்தான் வந்தியா?" என்றாள்.

"எதுக்கு?"

"ஊசியப் போட்டு முடிக்கத்தான சின்ன மாமா ஒன்னையக் கூட்டியாந்தாரு? எண்ணெ தேய்க்க நான் வழி விடல, அதான் ஊசியக் கொண்டாந்திருக்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் பூட்டி வைத்தது அவரைக் காப்பாற்ற. நான் முகர்ந்தது போலவேதான் அவளும் குப்பியை முகர்ந்திருக்கிறாள். தன்னைத் தவிர யார் கையாலும் வாங்கிக் குடிக்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொன்னதே அவள்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் தண்ணீர் கொடுக்காமல் இல்லை, கதவைத் திறந்தால் மற்றவர்கள் நுழைந்துவிடுவார்களென்று வீட்டில் ஆள் அசந்த நேரம் பார்த்துத்தான் கொடுக்க முடிந்தது, அது போதவில்லை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னேன்: "நான் அதுக்கு வரல. நீதான் செய்யிறன்னு நெனைச்சு வந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. வேறு ஆள் கிடைக்காததால் என்னை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

முற்றத்துக்கு வந்து, டியூப் அடைத்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், டாக்டர் காத்திருக்கிறார் என்று சத்தமாகச் சொன்னேன். அத்தனையும் பொய். தம்பிக்காரர் எழுந்தார். "ஆசுபத்திரில என்னா, உசுர ஒட்டவா வைக்கப் போறீங்க? அவரு படுற பாட்ட நீ பாக்குறதில்ல" என்றார்.

மருமகள் உள்ளிருந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள். "ஒங்க அப்பனுக்கு வண்டி கொண்டாங்க. இல்லைன்னா இன்னிக்கோட என்னைய மறந்துருங்க."

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அவன் திரும்ப மாட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் தோட்டத்திலிருந்து லோடு இறக்க வந்திருந்த ஜீப்போடு வெரசா வந்துவிட்டான். பாயோடு தூக்கி ஏற்றினோம். யாரும் தடுக்கவில்லை, யாரும் கை கொடுக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக் கொஞ்சம் தெளிந்த பிறகு பெரியவர் என்னிடம் முதன்முறையாகப் பேசினார். "இது என்னா தண்ணி தாயி?"

"குளுக்கோசுய்யா. இதுல ஒண்ணும் இல்ல. இளநி கொஞ்சம் தரவா? ஒடம்புக்கு நல்லது" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணை மூடினார். "எங்கய்யாவுக்கு எளநி வெட்டுனது நாந்தான்" என்றார். "சின்னய்யா எண்ணெ தேச்சாரு. நான் வெட்டிக் கொண்டாந்தேன். மகன் குடுக்கானேன்னு வாங்கிக் குடிச்சாரு."

"அவருக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்னுதான் நெனைக்கேன். என்னையவே பாத்துக்கிட்டுக் குடிச்சாரு. என் தம்பி பக்கத்துல நின்னான், சின்னப் பய. அவன் அத நல்ல காரியம்னு நெனைச்சே வளந்துட்டான். நாந்தான் சொல்லிக் குடுத்தேன், அய்யா நோகாமப் போயிட்டாருன்னு."

டம்ளரில் வெறும் தண்ணீரை எடுத்து அவர் பார்க்கும்படி நானே ஒரு வாய் குடித்துக் காட்டினேன். பிறகு கொடுத்தேன். வாயைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரை வெகுநாள் வைத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சிலமலைக்குத் திரும்ப மருமகள் சம்மதிக்கவில்லை. "மேல கொண்டு போயிருங்க" என்று பெரியவரே கேட்டார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக் கூலியாள்கள் குடியிருக்கும் லயத்தில் மகனுக்கு ஒரு அறை இருந்தது. அதே ஜீப்பில், மெத்தைக்கு அடியில் வைக்கோலைப் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி நிறுத்தி ஏறினோம். நானும் கூடப் போய், எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, பழைய வேட்டியைச் சுருட்டி எங்கெங்கே முட்டுக் கொடுப்பது, டியூபை எப்படிச் சுத்தம் செய்வது என்று மருமகளுக்குக் காட்டினேன். ஒரு தடவை பார்த்தால் போதும் அவளுக்கு, கை பழகிவிடும். ஆனாலும் நான் கொண்டுபோகும் ஒவ்வொரு மாத்திரையையும் இது எதற்கு, அது எதற்கு என்று கேட்காமல் விடமாட்டாள்.

பிறகு வாரத்துக்கு ஒரு முறை மேலே போய்வந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூடு சுவர் வழியாக அந்த அறைக்குள் வரும். பெரியவருக்கு அது இதமாக இருந்தது. பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் கரண்டியால் ஊட்டினால் குடிப்பார். போதும் என்றால், மலையாளத்து ஆள்களோடு பழகிய பழக்கத்தில் "மதி, மதி" என்பார். ஆனால் கீழேயிருந்து ஒரு ஜீப்பு ஏறி வரும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். மருமகளும் கையிலிருப்பதை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். நான் மகனைப் பார்ப்பேன், சித்தப்பாவுக்கு இவன்தான் சொல்லியனுப்பினானோ என்று. அவனும் அதைத் தெரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொள்வான். பாவம், அவன் அப்படி எதுவும் செய்யவில்லை.

கடைசி வாரம் லீவு போட்டு மேலேயே தங்கினேன். மூச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்திருந்தது. காலையில், மூடுபனி விலகி வெயில் வந்த நேரம், மருமகள் ஒரு கிண்ணத்தில் பாலோடு நின்றாள்.

"பால் ஊத்த வேண்டாமா?"

"ஊத்தாதீங்க. முழுங்க மாட்டாரு, மூச்சு முட்டும். துணிய நனைச்சு ஒதட்டுல மட்டும் வைங்க."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பாலை விலக்குகிறவள் யார் பக்கம் என்ற பார்வை. பிறகு முந்தானை நுனியைப் பாலில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். மகன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியவர் அமைதியாகப் போனார்.

சாயங்காலம் தம்பிக்காரர் வந்து சேர்ந்தார். அண்ணன் காலடியில் விழுந்து அழுதார், அது பொய்யான அழுகை இல்லை. எழுந்ததும் என் பக்கம் திரும்பினார். "கடைசியா என்னா ஊசி போட்ட?"

"எதுவும் போடல."

"எதுவுமே போடாமயா போனாரு?"

அவர் அதை நம்பவே இல்லை. நர்சும் மருமகளும் சேர்ந்து மலைக்குத் தூக்கிக்கொண்டு போய் முடித்துவிட்டார்கள் என்று சிலமலையில் பேச்சு கிளம்பியது. கொஞ்ச காலம் அந்த ஊரிலிருந்து யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மருமகள் புருஷனோடு மேலேயே தங்கிவிட்டாள்.

எண்பதுகளில் தம்பிக்காரரும் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள், மருமகள்கள், வசதி எல்லாம் இருந்தது. ஆனால் யார் ஊட்டினாலும் துப்பிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அண்ணன் மருமகளை மேலேயிருந்து அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினார். அவள் கையால் மட்டும்தான் சாப்பிடுவாராம்.

அவள் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் கேட்டாள். "போகட்டா நர்சம்மா?"

"போகாதீங்க. நாளைக்கு அவரு செத்தா ஒங்க தலையிலதான் விழும்" என்றேன்.

தலையை ஆட்டினாள். ஆனாலும் போனாள். அவர் கண்ணை மூடும்வரை கூட இருந்து எல்லாம் செய்தாள். இரக்கத்தில் போனாளா, அந்த மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே பயந்து கிடப்பதைப் பார்க்கப் போனாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்புகிற அன்று போடி பஸ் நிலையத்தில் பார்த்தபோது கேட்டே விட்டேன்.

"கூப்பிட்டாரு, போனேன்" என்றாள். மேலே மழை நல்லா பெய்யுதாம், காய் எடுக்க ஆள் பத்தலையாம் என்று சொல்லிக்கொண்டே மெட்டு ஏறுகிற ஜீப்பில் இடம் பிடிக்கப் போய்விட்டாள்.