ஆறுமுகநேரிக்காரி எழுந்திருக்கவில்லை

எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வரும் பெண்களுக்கு வாசற்படி தாண்டியதும் பெயர் போய்விடும், ஊர்தான் மிஞ்சும். அம்மா ஆறுமுகநேரிக்காரி, சித்தி கொற்கைக்காரி. அப்பா மட்டும் தன் மாமனார் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை. அவரை அங்கே யாரும் தூத்துக்குடிக்காரன் என்று கூப்பிட்டதில்லை. இது என்ன நியாயம் என்று ஏழு வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அம்மா பெயர் என்ன என்று டீச்சர் கேட்டபோது "ஆறுமுகநேரிக்காரி" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவள் நான். வீட்டில் வந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

அடுத்த வாரம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. எங்கள் குடும்பத்தில் பிறந்த பெண்தான் பொங்கலுக்கு முதல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அதாவது அத்தை, அப்பாவின் அக்கா. பிறகு அதிலிருந்து பனையோலையில் நெருப்பெடுத்து, மருமகள்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுப்பாள். நடுவில் ஓலை அணைந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

"ஏளா ஆறுமுகநேரிக்காரி, வந்து வாங்கு."

அம்மா பானைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். அத்தை இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"எனக்குப் பேரு இருக்கு மயினி. அதைச் சொல்லிக் கூப்பிடுங்க, வாரேன்" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல்.

"இத்தன வருசம் இல்லாத பேரு இன்னைக்கு எங்கருந்து வந்துச்சு?"

"இருக்கத்தான் செஞ்சுது. நீங்கதான் கூப்பிடல."

கடல் காற்றில் ஓலை மளமளவென்று எரிந்து அத்தையின் விரல்களை நெருங்கியது. அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அம்மா அசையவில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சூடு பொறுக்காமலோ அம்மனுக்குப் பயந்தோ, அத்தை கடைசியில் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா எழுந்து போய் ஓலையை வாங்கிக்கொண்டாள். அடுத்த ஓலையோடு சித்தியைப் பார்த்து "கொற்கை..." என்று ஆரம்பித்த அத்தை, அவளும் எழுந்திருக்காததைக் கண்டு அவள் பெயரையும் சொன்னாள்.

பொங்கல் பொங்கி, குலவைச் சத்தம் அடங்கிய பிறகு, அத்தை விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமியார் வீட்டுல நான் தூத்துக்குடிக்காரி. இங்கன வந்தா அக்கா, மயினி. என் பேரு தெரியுமா ஏளா உனக்கு?"

அம்மா சித்தியைப் பார்த்தாள், சித்தி உதட்டைப் பிதுக்கினாள்.

தோற்றுப்போன ஆத்திரத்தில் அத்தை ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "அத்தைக்கு எதுக்குப் பேரு?" என்று கேட்டுவிட்டு, நான் மட்டும் சிரித்தேன்.