ஒரு மழைக்காலம் பொறுத்திருந்தால்…

சாம்பல் செங்கல், எம்-சாண்ட் என்று இந்தப் பக்கத்தில் எழுதினாலும் எழுதினேன்… எனக்கு இன்ஜினீயர் பட்டமே கொடுத்துவிட்டார்கள். "எங்க வீட்டையும் வந்து பாருங்க சார்" என்று ஓயாமல் போன்.

போன மாதம் வந்த அழைப்பை மட்டும் தட்ட முடியவில்லை. கூப்பிட்டவன் ஆரோக்கியம், என் பள்ளித் தோழன். குவைத்தில் டிரைவராக இருந்தவன். அரும்பு மீசையோடு போனவன், "போதும்டா" என்று போன வருடம்தான் நரைத்த தலையோடு ஊர் திரும்பியிருந்தான்.

கீழ்வேளூர் பக்கத்தில் வீடு. சாமானில் குறையே சொல்ல முடியாது. வயல் மண்ணைச் சுட்ட செங்கல் வேண்டாம், சாம்பல் செங்கல். ஆற்று மணல் வேண்டாம், கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத கம்பி. "நூறு வருஷம் நிக்கணும்டா" என்று குவைத்திலிருந்தே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான்.

ஆனால் இடம்? வயல். களிமண். மழையில் ஊறி உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் மண் கொட்டி மேடாக்கினால், ஒரு மழைக்காலமாவது சும்மா போட்டுவைக்க வேண்டும். மண் இறங்கி உட்கார வேண்டும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அப்போது லீவில்தான் வந்திருந்தான்; லீவு முடியப் போகிறதே… தான் ஊரில் இருக்கும்போதே ஃபாதர் வந்து அடிக்கல்லை மந்திரிக்க வேண்டுமே! மண் கொட்டிய மாதமே அஸ்திவாரம் போட்டுவிட்டான். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் நாள் பார்த்து வீடு ஆரம்பிப்பதில்லை. லீவு பார்த்துத்தான்.

நான் போனபோது ஆரோக்கியம் கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவி ஸ்டெல்லா, ஹாலில் தொங்கிய மாதா காலண்டரைத் தூக்கிக் காட்டினார். சுவரில் குறுக்காக ஒரு விரிசல்.

"சும்மா பூச்சு விரிசல்தான்னு அவங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே. இல்லாட்டி இதைச் சரி பண்ணணும்னு மறுபடி குவைத்துக்குக் கிளம்பிடுவாங்க. லீவுல வந்ததெல்லாம் கோடையிலதான். கல்யாணமாகி, போன வருஷம்தான் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து மழையப் பாத்தோம்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவன் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன்.

ஆரோக்கியம் சிரித்தான். "அவ சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டு, என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான். சுவரில் சாய்த்திருந்த தகரத்தை நகர்த்தினான். ஹாலில் பார்த்ததைவிடப் பெரிய விரிசல். கை நுழையும்.

"பயந்துடுவாளேன்னு மறைச்சு வச்சிருக்கேன். அஸ்திவாரத்தையே பலப்படுத்தணுமாம். கையில இருந்ததெல்லாம் இந்த வீட்டுலதான் கிடக்கு. விசாவுக்குச் சொல்லிட்டேன்டா… ரெண்டே வருஷம்."

"விரிசல் விட்டா விட்டுட்டுப் போவுது. நீ ஊர்லயே இருடா."

"அவ மேல இடிஞ்சு விழுந்துச்சுன்னா?"

அவளுக்காக அவனும், அவனுக்காக அவளும் ஒரே வீட்டின் விரிசலை ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாமான் வாங்கியவன், ஒரு மழைக்காலத்தை மட்டும் பொறுத்திருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. யார் மீது கோபப்படுவது?

போன வாரம் குவைத்துக்குக் கிளம்பிவிட்டான்.

நேற்று ஸ்டெல்லாவிடமிருந்து போன். வீட்டைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. போனை வைக்கும் முன் சொன்னார் —

"இங்க மழை ஆரம்பிச்சிடுச்சுண்ணே."