பச்சைக் கோடுகள் வராத நூலகம்

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். சுவரில் எத்தனை ஆணி அடித்தாலும் அது நம் வீடு இல்லை. அப்பா ஓய்வு பெற்றதும் ஆவடியிலிருந்து கோவில்பதாகைக்கு மூட்டை கட்டினோம். அதனாலோ என்னவோ, இரவல் இடம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும்.

என் ஆராய்ச்சி அப்படி ஓர் இரவல் இடத்தில்தான் இருந்தது. ஏரிச் சேற்றில் உலோகங்கள் படிவதைப் பற்றிய பிஎச்.டி. அதற்காகப் படிக்கும் கட்டுரைகளைச் சேர்த்துவைக்க, கோடு போட, ஓரத்தில் குறிப்பெழுத, கடைசியில் மேற்கோள் பட்டியல் போட்டுத் தர ஒரு மென்பொருள். பல்கலைக்கழகம் சந்தா கட்டி எங்களுக்குத் தந்தது. அந்தச் சந்தாவை நிறுத்தப்போவதாகத் திடீரென்று ஒரு மெயில் வந்தது. போங்கடா என்று, இலவசமான வேறொரு மென்பொருளுக்கு மாற முடிவு செய்தேன். கோப்புகளை எந்தக் கம்பெனியின் தயவிலும் விடாமல், வீட்டுக்கே ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கி இன்வெர்ட்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். நெட் இருந்தால் எங்கிருந்தும் திறந்து படிக்கலாம்.

ஒத்திகையாக ஒரு தரம் மாற்றிப் பார்த்தேன். கட்டுரைகள் வந்தன. என் மஞ்சள் கோடுகளும் வந்தன. பச்சை ஒன்றுகூட வரவில்லை.

பச்சை என் தோழியுடையது. வெள்ளானூர்க்காரி. ஒரே வழிகாட்டியிடம் ஒன்றாகச் சேர்ந்தோம், அந்த மென்பொருளில் இருவருக்கும் பொதுவாக ஒரே நூலகம். நான் மஞ்சள் அடித்து மெச்சிய வரியை அவள் பச்சை அடித்துக் கிழித்துத் தொங்கவிடுவாள். என் இரண்டாவது அத்தியாயமே அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வளர்ந்ததுதான். பிறகு அவளுக்குக் கல்யாணம், குழந்தை. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டாள். இப்போது திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் வேலை. ஆராய்ச்சி என்று வாயைத் திறந்தால், மழை வருமா என்று கேட்பாள்.

பழைய மென்பொருள் அவரவர் கோட்டை அவரவர் கணக்கோடு கட்டிவைத்திருந்தது. அவள் கணக்கைத் திறந்து எடுத்தால்தான் பச்சை கிடைக்கும். சந்தா முடிந்துவிட்டால் அதுவும் கிடையாது. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்? உன்னுத மட்டும் எடுத்துகினு போ."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் ஆராய்ச்சி செய்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்ததே அந்தக் கோடுகள்தான். அதைப் பழைய பேப்பர் மாதிரி தள்ளிவிடுகிறாள். என் தொல்லை தாங்காமல் ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். பாஸ்வேர்ட் மறந்திருந்தது. புதிது வாங்கலாம் என்றால், அதற்கான லிங்க் பல்கலைக்கழக மெயிலுக்குத்தான் போகுமாம். அவள் விலகியதுமே அந்த மெயிலை மூடிவிட்டார்கள். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதே குவார்ட்டர்ஸ் புத்தி.

அவள் பழைய லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மகள் அதில் கார்ட்டூன் பார்க்கிறாளாம், பென் டிரைவில் போட்டு. நெட்டைக் காட்டி வருஷக்கணக்காகிறது என்றாள். நெட் படாதவரை, அவள் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிவிட்டாள் என்பது அந்த லேப்டாப்புக்குத் தெரிந்திருக்காது. தொடாதே, நான் வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் திருமழிசையில் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் காரியமாக அவர்கள் வீட்டு வைஃபையை அணைத்தேன். சார்ஜரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் லேப்டாப்புக்கு உயிர் வந்தது. கார்ட்டூன் போச்சே என்று குழந்தை ஒரு மூச்சு அழுதது. மென்பொருளைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. பச்சை அப்படியே இருந்தது, பக்கம் பக்கமாக.

ஒவ்வொரு கட்டுரையையும் கோட்டோடும் குறிப்போடும் சேர்த்து பென் டிரைவில் ஏற்ற ஆரம்பித்தேன். டீ போடுகிறேன் என்றவள் என் பின்னால் நின்றே படித்துக்கொண்டிருந்தாள்.

"நானாடி இதெல்லாம் எழுதிக்கீறேன்?"

நீதான் என்றேன். சார்ஜரை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ கடைசிவரை வரவில்லை.

கிளம்பும் முன், சேமிப்புப் பெட்டியில் அவள் பேரில் ஒரு கணக்குத் திறந்து, அவள் போனிலும் புது மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம், இதற்கெல்லாம் நேரம் ஏது என்றாள். திறக்கவே வேண்டாம், சும்மா கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். திறக்க மாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பெட்டியில் நான் சேர்க்காத கட்டுரை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம்தான் வெளியானது. மூன்றாவது பக்கத்தில் பச்சை அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தாள்: "மழைக்கு முன்னாடி எடுத்த சேறு எங்க? அத்த வுட்டுட்டு இவன் இன்னா கணக்கு போட்டுக்கீறான்?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போன் செய்து அதைப் பெரிய விஷயமாக்கினால் வெட்கப்பட்டு மூடிவிடுவாள், எனக்குத் தெரியும். அவன் கணக்கு சரிதான், நீதான் ஐந்தாம் பக்கத்தைப் படிக்கவில்லை என்று மஞ்சளில் எழுதிவைத்தேன்.

சாயங்காலத்துக்குள் பச்சையில் சண்டைக்கு வந்துவிட்டாள்.