இரண்டாம் முறை எரிந்தவர்

மலைமேல் போளூர் போகும் சாலையில் சினிமா படப்பிடிப்பு நடப்பதால் எங்கள் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். இறங்கிப் பார்க்கிறேன். கதைப்படி நாயகன் உள்ளங்கையில் தீயை வரவழைத்து வில்லன்மேல் வீசுகிறான். அந்தத் தீயைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வார்களாம். ஆனால் வில்லனுக்குப் பதிலாக எரிந்தபடி விழும் சண்டைக் கலைஞரின் சட்டையில் வைக்கப்போவது நிஜ நெருப்பு. தீ சுடாமலிருக்க உடம்பெல்லாம் பூசியிருக்கும் பசையின் குளிர்ச்சியில் அவர் வெடவெடவென்று நடுங்குகிறார்.

வேடிக்கை பார்க்கும் கூட்டமாக நடிக்க ஊர்க்காரர்களை நிறுத்தியிருக்கிறார்கள். கலைஞர் எரிந்தபடி விழுந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிப்போய்த் தன் கம்பளியைப் போர்த்தித் தீயை அணைத்துவிடுகிறார். காட்சி கெட்டுவிடுகிறது. இயக்குநர் கத்துகிறார்.

“எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. நீங்க வந்ததால இன்னொரு தடவை எரியணும்,” என்கிறார் கலைஞர். குரலில் கோபமில்லை. மறுபடியும் பசை பூசுகிறார்கள்.

அந்தப் பெண்ணைக் கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பூண்டு வயலில் வேலை செய்பவராம், பெயர் முத்துலட்சுமி.

“நடிப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்கிறேன்.

“தெரியுங்க. வெந்துக்கிட்டுக் கெடக்குறவரை எப்படிங்க பாத்துக்கிட்டு நிக்கிறது?”

தீ வைக்கிறார்கள். முத்துலட்சுமி சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். கலைஞர் ஓடுகிறார், விழுகிறார். ஆட்கள் பாய்ந்து அணைக்கிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

“முடிஞ்சிருச்சுங்க,” என்கிறேன்.

“அது கெடக்கட்டும். அவரு எந்திரிச்சிட்டாரா?”

புகை விலகும்வரை காத்திருக்கிறேன். கலைஞர் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார், யாரிடமோ டீ கேட்கிறார். அதைச் சொன்ன பிறகுதான் முத்துலட்சுமி திரும்புகிறார்.