ஆயுத பூசையன்று ஓய்வெடுக்காத பெட்டி

பம்பு செய்யும் எங்கள் கம்பெனியில் ஆயுத பூசையன்று காலையிலேயே லேத்துகள் அடங்கிவிடும். கோவையில் அன்றைக்கு இருக்கும் அமைதியே வேறு. எண்ணெய்ப் பிசுக்கு துடைத்த இரும்பின் அமைதி. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், அந்த அமைதிக்குள், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் என் அறையிலிருந்து மட்டும் கிர்ர், கிர்ர் என்று சத்தம்.

கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்குகள் ஐந்தை அடுக்கிய பெட்டி அது. கம்பெனியின் வரைபடங்கள் அத்தனையும் அதற்குள். ஒரு டிஸ்க் போனால் மற்ற நான்கையும் படித்து, போனதைத் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் அந்த நான்கில், யாரும் நெடுநாள் தொடாத ஏதோ ஒரு மூலையில், பழுதான புள்ளி ஒளிந்திருந்தால்? அங்கிருந்த படம் போனதுதான். அதனால் ஆளில்லாத நேரம் பார்த்துப் பெட்டி தன்னையே மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும். படிக்க வராத இடம் தட்டுப்பட்டால், மற்ற டிஸ்க்குகளை வைத்துக் கணக்கிட்டு வேறொரு நல்ல இடத்தில் எழுதிக்கொள்ளும்.

அந்த வாரம் ஒரு டிஸ்க் தள்ளாட ஆரம்பித்திருந்தது. மாற்று டிஸ்க் மேசைமேல் தயார். ஆனால் கழற்றுவதற்குமுன் மீதி நான்கும் சுத்தமாக வேண்டும். பூசை நாளை விட்டால் ஆளாளுக்குப் படம் திறப்பார்கள், பெட்டிக்கு நேரமேது?

முதலாளியின் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“ஏனுங்க தம்பி, அத்தனை மிசினும் படுத்திருச்சு, இது மட்டும் என்னத்துக்கு மினுக்கிட்டுக் கெடக்குது? நிறுத்திப்போடுங்க.”

“வேண்டாமுங்க அக்கா. இது நமக்கு வேலை செய்யலீங்க. தன்ர ஒடம்புல எங்க நோவுதுன்னு தானே தடவிப் பாத்துட்டிருக்குது.”

“அப்ப எண்ணெ தேச்சுக் குளிக்குதுன்னு சொல்லுங்க!”

“அப்படியே வெச்சுக்குங்க.”

“குளிக்கறவங்களைப் பாதியில எந்திரிக்கச் சொல்லப்படாது. பொட்டாச்சும் வெக்கலாமுங்களா, இல்ல அதுக்கும் சட்டம் வெச்சிருக்கறீங்களா?”

“காத்துப் போற ஓட்டையை உட்டுப்போட்டு வைங்க.”

சிரித்துக்கொண்டே வைத்தார். என் கையில் பொரியைத் திணித்துவிட்டுப் போனார்.

பெட்டி மாலைக்குள் முடித்தது. இரண்டு புள்ளிகள் பழுதாகியிருந்தன. இரண்டையும் சரிசெய்து வைத்திருந்தது. மறுநாள் தள்ளாடிய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைச் செருகினேன். அதில் எல்லாம் எழுதி முடிந்ததும், யாரும் கேட்காத பழைய ஆழ்கிணற்றுப் பம்பு ஒன்றின் படத்தைத் திறந்தேன். வளைவு, துளை, அளவு எனக் கோடு கோடாக வந்தது. கடைசிக் கோடும் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பசித்தது.