கயிற்றில் நான்கு வெள்ளை

பிற்பகல் இரண்டேகால் மணிக்குச் சித்தி அந்தக் கயிற்றைக் கட்டியிருக்கிறாள். மூன்று மணிக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு ரோட்டு வளைவில் திரும்பினேன். அதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் ஆபரேஷன். அம்மா கூடவே தங்கியிருந்தாள். அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் நானும் மூன்று வயதுத் தம்பியும் சித்தியின் பொறுப்பில் இருந்தோம். சித்தி தையல் டீச்சர். பதுளையில் நடக்கவிருந்த கைவேலைக் கண்காட்சிக்காகச் சுவரில் தொங்கவிடும் பெரிய சீலை ஒன்றை அவள் செய்யத் தொடங்கியிருந்தாள். நான்கு மதத்தாரும் வழிபாட்டுக்கு உடுத்திய வெள்ளைத் துணிகளை ஒன்றாக இணைத்து, அதன்மேல் வெள்ளை நூலாலேயே பூவேலை. கடை நானாவின் மனைவி தொழும்போது போர்த்திக்கொண்டது, சிங்கள மருத்துவச்சி நோனா பௌர்ணமிப் போயா தினத்தில் பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்கு உடுத்தியது, சித்தியின் தோழி சிறுவயதில் சர்ச்சில் புதுநன்மை வாங்கியபோது போட்ட முக்காடு, அப்பா கோயிலுக்குக் கட்டிய பழைய வேட்டி.

"வெள்ளைல வெள்ளைய வச்சுத் தச்சா யாரு கண்ணுக்குடி தெரியும்?" என்று அம்மா கேட்டிருந்தாள்.

"தெரியலேனா கிட்ட வந்து தொட்டுப் பாக்கட்டும்க்கா. எந்தச் சாமிகிட்டப் போனாலும் இதத்தானே கட்டிக்கிட்டுப் போறாங்க."

இவ்வளவு யோசித்தவளுக்கு, எங்கள் பக்கம் ரோட்டோரம் வெள்ளை தொங்கினால் அந்த வீட்டில் சாவு என்பது மட்டும் அன்று தோன்றவில்லை. பழைய துணி ஊசிக்கு நிற்காமல் துவளும் என்று, நான்கையும் நீளத் துண்டுகளாகக் கிழித்துக் கஞ்சி போட்டிருந்தாள். வாசலில் ஒரே மூட்டம். வளைவில் மட்டும் கொஞ்சம் வெயில். கொய்யா மரத்துக்கும் லைட் போஸ்ட்டுக்கும் நடுவே கயிறு கட்டித் துண்டுகளைக் காயப்போட்டாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு, தம்பியையும் தூக்கிக்கொண்டு, நூல் வாங்கப் பெரகல சந்திக்குப் போய்விட்டாள்.

நான் மடித்து வைத்திருந்த துணிகளைத்தான் பார்த்திருந்தேன். கஞ்சி போடுவதெல்லாம் எனக்குத் தெரியாது. வரிசையாக வெள்ளை ஆடியது. ஒன்றில் பச்சைக் கரை. அப்பாவின் வேட்டி. கதவில் பூட்டு. அப்பாவைக் கொண்டுவர எல்லோரும் போய்விட்டார்கள், என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன்.

முதலில் வந்தவர் கடை நானா. கையில் சீனிப் பொட்டலமும் தேயிலையும். சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது.

"எப்ப மவுத்து, மகள்? எனக்கு ஒரு வார்த்த செல்லல்லையே."

அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது. எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். அவருக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். பின்னாலேயே வந்த மருத்துவச்சி நோனா பூட்டைப் பார்த்தாள். "அனே, பாடி எடுக்கப் போயிருக்கும்" என்று என் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் தங்கள் வீட்டுத் துணிக்குக் கீழேதான் நின்றார்கள். அடையாளம் தெரியவில்லை. லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். உட்கார வாங்கு எங்கே போடுவது, மழை வந்தால் கூடாரத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு.

"நல்ல மனுசன்யா. எம் மம்பட்டிய வாங்கிட்டுப் போனாரு. இனி அத யாருகிட்டப் போயி கேக்குறது?"

"வாய மூடுய்யா. புள்ள நிக்குது."

பஸ் வந்து நின்றது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி அப்பா இறங்கினார். நானா சீனிப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் ஓடினேன். "அப்பா!" என்று கட்டிக்கொள்ளப் போனவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினார். அவர் கண் கயிற்றில் இருந்தது, பூட்டில் இருந்தது, ஒவ்வொரு முகமாக ஓடியது.

"சின்னவன் எங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது.

"கேக்குறேன்ல. எல்லாரும் பேசாம நிக்கிறீங்களே, சின்னவன் எங்கடா?"

அது அவருடைய குரலாகவே இல்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிப்போய்ப் பூட்டிய கதவை அடித்து அடித்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

செத்துப்போனார் என்று நான் அழுத அப்பா, உயிரோடு வந்ததும் என்னைத் தள்ளிவிட்டுத் தம்பியைத்தான் தேடினார். வெகுகாலம் அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. ஆண் பிள்ளை என்பதால்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டு, மற்றது டியூஷனிலிருந்து பிந்தி, போனையும் எடுக்காத மாலைகளில் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடக்கிறேன். வந்துவிட்ட பிள்ளை பக்கத்தில் நின்று பசிக்கிறது என்றால்கூட என் காதில் விழுவதில்லை. அப்பா என்னைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டிருப்பார். அதனால்தான் என்னை அவர் தேடவில்லை. இது அந்தப் பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.

மூட்டத்துக்குள்ளிருந்து சித்தி குறுக்குப் பாதையில் ஏறி வந்தாள். இடுப்பில் டொபி சப்பிக்கொண்டு தம்பி. கையில் நூல் பை. வெள்ளைக்குக் கீழே கூட்டம், ரோட்டில் உட்கார்ந்திருந்த அப்பா, கதவடியில் கதறிக்கொண்டிருந்த அம்மா, எல்லாவற்றையும் பார்த்தாள். பை கைநழுவி விழுந்தது.

"ஐயையோ, நம்ம வீட்டுல யாருங்க செத்தது?" என்றாள்.