ஒற்றைச் சுருளும் ஓர் ‘ஆமாங்க’வும்

பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் கடை எதையாவது கடக்கும்போது கருகிய வார்னிஷ் வாசம் வந்தால், பைக்கின் பின்னால் இருக்கும் மனைவி என் இடுப்பில் ஒரு கிள்ளு வைப்பாள். இருவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம்.

பழுதான ரேடியோ, சார்ஜர்களைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு மேசை இருந்தது. சாப்பாட்டு மேசைதான், சாப்பிடுவதற்குத் தரை இருந்தது. மனைவி விதித்தது ஒரே நிபந்தனை: “ஊட்ல ஒருத்தருக்கு ஷாக் அடிச்சாலும் மேசை எனக்கு வந்துரோணுங்க.”

அதனால் ஷாக் அடிக்காதபடி காக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எனக்கு வேண்டிய டிரான்ஸ்பார்மருக்குள் இரண்டு செம்புச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். அதிலிருந்து வெளியே வரும் இரண்டு கம்பிகளில் ஏதாவது ஒன்றை மட்டும் தொட்டால் ஷாக் அடிக்காது. கடைக்காரரிடம் இதை மழை, மின்னல், தாம்பத்தியம் வரை உவமை சொல்லி விளக்கினேன். ஒவ்வொரு வரிக்கும் “ஆமாங்க” என்றார். பிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் வயிற்றிலிருந்து கழற்றிய ஒன்றைக் காட்டி, “இது அந்த வகைதானுங்களே?” என்றேன்.

“ஆமாங்க.”

எங்கள் பக்கம் ‘ஆமாங்க’ என்றால் ‘நீங்கள் பேசுவது காதில் விழுகிறது’ என்று பொருள். ஐம்பது வருடம் இங்கேயே காப்பி குடித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஒரே சுருள். தெருக் கம்பத்துக் கரண்ட் தடையில்லாமல் நடந்து வந்து என் மேசைமேல் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் அதை மாட்டி, ஒரு கம்பியை மட்டும் நானே முதலில் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காலில் ரப்பர் செருப்பு இருந்ததை என் விஞ்ஞானம் கவனிக்கவில்லை. சூடேறிய டிரான்ஸ்பார்மரிலிருந்து வார்னிஷ் வாசம் எழுந்தது. எனக்கு அது ஊதுபத்தி.

அன்னூரிலிருந்து மனைவியின் அண்ணன், தோட்டத்து மோட்டாரின் பழுதான டைமரோடு வந்தார். மரியாதை தெரிந்தவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றார்.

“இந்தக் கம்பியத் தைரியமாத் தொடுங்க மச்சான். ஒண்ணும் பண்ணாதுங்க.”

“நீங்க சொன்னாச் சரிங்க மாப்ள.”

தொட்டார். அவர் கை அவரைக் கேட்காமலே பின்னால் போய் அலமாரியில் மோதியது. டைமர் தரையில் உருண்டது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணா, ஷாக்கா?”

“அப்படியெல்லாம் இல்ல அம்மணி. கொஞ்சம் சுருக்குன்னுது.”

“சுருக்குன்னா?”

“மாப்ள ஊட்டுக் கரண்ட்டு. நல்லாத்தான் இருக்குது.”

மத்தியானம் அவருக்கு அந்த மேசையில்தான் இலை போட்டாள். சாலிடரிங் கம்பி இருந்த இடத்தில் ரசம் இருந்தது. சாயங்காலம் டிரான்ஸ்பார்மரைத் தானே தூக்கிப் போய் அவர் வேனில் வைத்தாள்.

“அண்ணா, போற வழில இத அந்த இரும்புக் கடைல எறக்கிப்போட்டுப் போ. மறுக்கா இந்த ஊட்டுப் பக்கம் வரக் கூடாது.”

மச்சான் வேனைக் கிளப்பினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்:

“ஆமா அம்மணி, ஆமா.”